கார்டு யார் கையில்?

"கேமரா பொய் சொல்லாது" என்கிறார்கள். சொல்லாதுதான். ஆனால் அது வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதற்கு ஒரு கை வேண்டியிருக்கிறது. அந்தக் கை யாருடையது என்பதை யாரும் கேட்பதில்லை. காரின் முன்கண்ணாடியில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற டேஷ் கேமராவைப் பற்றித்தான் பேசுகிறேன். வண்டிக்குப் பாதுகாப்பு, பயணத்துக்குப் பாதுகாப்பு, இன்சூரன்சுக்குச் சாட்சி என்று இதற்கு ஏகப்பட்ட விளம்பரம். கூலிக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு இதனால் என்ன பாதுகாப்பு என்று மட்டும் எந்த விளம்பரமும் சொல்லக் காணோம்.

சொந்தமாக ஒரு சக்கரம்கூட இல்லாமல் பதினாலு வருஷமாக அடுத்தவன் வண்டியை ஓட்டிப் பிழைக்கிறவன் நான். மாதச் சம்பளத்துக்கு ஓட்டியிருக்கிறேன், ஆக்டிங் டிரைவராகவும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும், கொஞ்சம் படித்ததிலிருந்தும் சொல்கிறேன். கேமரா வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. கேமரா நமக்கு வேண்டும். ஆனால் கார்டு யார் கையில் இருக்கிறது என்பதைத் தீர்க்காமல் கேமராவை மட்டும் மாட்டினால், அது நம்மைக் கண்காணிக்கிற இன்னொரு மேஸ்திரியாகத்தான் இருக்கும்.

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அரசியல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. சாவியைத் திருப்பினதும் கேமரா தானாக ஓட ஆரம்பிக்கும். ஒரு நிமிஷம், மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம் என்று துண்டு துண்டாகப் பதியும். கார்டு நிறைந்ததும் ஆகப் பழைய துண்டை அழித்துவிட்டு அந்த இடத்திலேயே புதியதை எழுதும். சாதாரண கார்டில் சில மணி நேர ஓட்டம்தான் தங்கும். உள்ளே அதிர்ச்சியை உணர்கிற ஒரு சென்சார் இருக்கிறது. வண்டி மோதினாலோ சடக்கென்று பிரேக் போட்டாலோ அந்தத் துண்டை மட்டும் அழியாமல் பூட்டிவைக்கும். கையால் பூட்டவும் ஒரு பட்டன் உண்டு. ஆக, மறப்பதுதான் இதன் இயல்பு. யாராவது தலையிட்டால்தான் நினைவில் நிற்கும். எதை மறக்க விடுவது, எதைப் பூட்டிவைப்பது என்று தீர்மானிக்கிறவன் கையில்தான் உண்மையும் இருக்கிறது.

ரோட்டில் ஒரு விபத்து நடந்தால் முதல் தீர்ப்பு அங்கேயே வழங்கப்பட்டுவிடும். பெரிய வண்டிக்காரன் மேலதான் தப்பு, டிரைவர்னா குடிச்சிருப்பான், இல்லேன்னா தூங்கியிருப்பான். இது பொதுப்புத்தி. இரண்டாவது தீர்ப்பு ஸ்டேஷனில். எந்த ஊர் என்று கேட்பார்கள். அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர்க்காரன் சொன்னால் சாட்சியம், சேரிக்காரன் சொன்னால் கூச்சல் என்று காலங்காலமாக நம் சொல்லுக்கு மதிப்புப் போட்டு வைத்திருக்கிற சமூகம் இது. இங்கே சாதி கேட்காமல், தெரு கேட்காமல் நடந்ததை நடந்தபடி பதிகிற ஒரு சாட்சி வருகிறது என்றால் அதை விட்டுவிடக் கூடாது. நம்மவர்கள் கேமராவைக் கண்டு ஒதுங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் அந்தச் சாட்சியையும் விலைக்கு வாங்கி வைத்திருக்கிறவன் யார்? சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு டிராவல்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தேன். திண்டிவனம் தாண்டி ஒரு பைக் ராங் சைடில் வந்து உரசியது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. பம்பரும் ஒரு லைட்டும் போச்சு. வண்டியில் கேமரா இருந்தது. ஓனர் வந்ததும் கார்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். "நான் பாத்துக்கறேம்ப்பா" என்றார். மாசக் கடைசியில் சம்பளத்தில் பன்னிரண்டாயிரம் பிடித்தம். பதிவைக் காட்டுங்க என்றேன். "அது அழிஞ்சு போச்சுப்பா" என்று பதில் வந்தது. அதே கார்டில், அதே வாரம், நான் டீக்கடையில் இருபது நிமிஷம் வண்டியை நிறுத்திய பதிவு மட்டும் அழியாமல் பத்திரமாக இருந்தது. அதைத்தான் எனக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஒரு சின்ன முதலாளியின் அற்பத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உலகம் முழுக்க இதே கணக்குத்தான் நடக்கிறது.

ரஷ்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் ஒரு விண்கல் எரிந்து வெடித்ததை உலகமே பார்த்தது. அந்தப் படங்களில் பலவற்றை எடுத்தவை சாதாரண ஜனங்களின் கார்களில் இருந்த கேமராக்கள். அத்தனை பேர் ஏன் கேமரா மாட்டியிருந்தார்கள்? விண்கல்லை எதிர்பார்த்தா? லஞ்சம் கேட்கிற டிராபிக் போலீஸ், வேண்டுமென்றே வண்டியில் வந்து விழுந்து பணம் பிடுங்குகிற கும்பல், இழப்பீடு தர மறுக்கிற இன்சூரன்ஸ்காரன், இத்தனை பேரிடமிருந்தும் தப்பிக்கத்தான். அங்கே கேமரா ஓட்டுகிறவன் வாங்கியது. கார்டும் அவன் கையில்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கேமராவை முதலில் பரவலாக மாட்டியது போலீஸ் வண்டிகளில். 2014 அக்டோபர் 20 இரவு சிகாகோவில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையனை ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் 16 முறை சுட்டார். கத்தியோடு போலீஸை நோக்கி வந்தான் என்று சொன்னார்கள். போலீஸ் வண்டியின் கேமராவில் பதிந்திருந்தது வேறு. பையன் விலகி நடந்துகொண்டிருக்கிறான், சுடுகிறார்கள், கீழே விழுந்த பிறகும் சுடுகிறார்கள். உண்மை அன்றைக்கே பதிவாகிவிட்டது. வெளியே வந்தது 2015 நவம்பர் 24-ல். பதின்மூன்று மாதம்! அதுவும் ஒரு பத்திரிகையாளர் வழக்குப் போட்டு, நீதிபதி உத்தரவிட்ட பிறகு. அதற்கு முன்பே, 2015 ஏப்ரலில், குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க மாநகராட்சி ஒப்புக்கொண்டுவிட்டது. படம் வெளிவந்த அதே நாளில்தான் சுட்டவர் மீது கொலைக் குற்றச்சாட்டு வந்தது. 2018 அக்டோபரில் அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. தண்டனை 6 ஆண்டு 9 மாதம். அதில் பாதியளவு உள்ளே இருந்துவிட்டு 2022-ல் வெளியே வந்துவிட்டார். கேமரா பொய் சொல்லவில்லை. பதின்மூன்று மாதம் அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கார்டு யார் கையில் என்பதோடு, லென்ஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். இதற்கு அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரத்தில் நடந்ததைத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 2018 மார்ச் 18 இரவு, ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டம் விட்டிருந்த தானியங்கிக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த எலைன் ஹெர்ஸ்பெர்க் என்ற 49 வயதுப் பெண்ணை மோதிக் கொன்றது. ஸ்டியரிங் முன்னால் ஒரு பெண் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார், வண்டியைக் கண்காணிப்பதுதான் அவர் வேலை. மூன்று நாளில் போலீஸ் இரண்டு படங்களை வெளியிட்டது. வெளியே பார்த்த லென்ஸில் ஒரே இருட்டு, திடீரென்று ஒரு உருவம், உடனே மோதல். "பாவம், யாராலும் தவிர்த்திருக்க முடியாது" என்று நினைக்கத் தோன்றும். உள்ளே பார்த்த லென்ஸில் அந்தப் பெண் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு என்ன தெரிந்தது? அந்தச் சாலை படத்தில் தெரிந்த அளவுக்கு இருட்டானதே இல்லை. இரவில் மலிவான லென்ஸ் பார்ப்பதைவிட மனிதக் கண் அதிகம் பார்க்கும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 நவம்பரில் சொன்னது இது: மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே காரின் கருவிகள் அவரைக் கண்டுகொண்டன, ஆனால் மனுஷி என்று அடையாளம் காணவில்லை. குறுக்கே நடக்கிறவர்கள் இருப்பார்கள் என்ற நினைப்பே அந்த மென்பொருளில் இல்லை. காரோடு வந்த அவசர பிரேக்கை, தானியங்கி ஓட்டத்தின்போது நிறுத்திவைத்திருந்தது நிறுவனம். சரி, வழக்கு யார் மேல்? நிறுவனத்தின் மேல் குற்ற வழக்குக்கு இடமில்லை என்று 2019 மார்ச்சிலேயே அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொல்லிவிட்டது. 2020-ல் வழக்கு வந்தது சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவர் மேல். 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை வாங்கினார். அவருடைய கவனக்குறைவு உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே பார்க்கிற லென்ஸ் இருக்கையில் இருந்தவரைத்தான் காட்டும். பிரேக்கை நிறுத்திவைக்கச் சொன்ன அறையில் எந்த லென்ஸும் இல்லை.

இப்போது அந்த உள்முக லென்ஸ் தொழிலாளியை நோக்கித் திட்டமிட்டே திருப்பப்படுகிறது. 2021-ல் அமெரிக்காவில் அமேசான் டெலிவரி வேன்களில் நாலு லென்ஸ் கேமரா வந்தது. கொட்டாவி விட்டால் பதிவு, போனைத் தொட்டால் பதிவு. ஒப்புதல் கையெழுத்துப் போடாதவர்களுக்கு வேலை இல்லை. நம்மூரிலும் லாரிகளில், தொலைதூர பஸ்களில் இது வந்துகொண்டிருக்கிறது. தூங்கி விழுகிற டிரைவரை எழுப்புவது நல்ல காரியம்தானே என்று கேட்பார்கள். நல்ல காரியம்தான். அவன் ஏன் தூங்கி விழுகிறான் என்பதையும் அந்தக் கேமரா பதியுமா? நேற்று ராத்திரி ஓட்டிவிட்டு வந்தவனை இன்று ராத்திரியும் ஏற்றிவிட்ட டியூட்டி சீட்டைப் பதியுமா? கொட்டாவி குற்றமாகிறது. கொட்டாவியை உண்டாக்கியவன் அந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்த நீதிமானாகிவிடுகிறான்.

சட்டமும் இதே திசையில்தான் இறுகுகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் 5 ஆண்டு. தகவல் சொல்லாமல் தப்பிப் போனால் 10 ஆண்டு என்கிறது 106(2). இதை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் வந்த அறிவிப்பில் அந்த உட்பிரிவை மட்டும் அரசு நிறுத்திவைத்தது. நின்னா கூட்டம் அடிக்குது, நிக்காம போனா பத்து வருஷமா என்று கேட்ட டிரைவருக்கு, முன்னால் பார்க்கிற ஒரு கேமராவும் கையில் ஒரு கார்டும் எவ்வளவு பெரிய பலம்!

டிரைவர் பக்கத்தை மட்டுமே பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். நடந்து போகிறவனும் நம்மவன்தான். 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் செத்தவர்கள் 30,486 பேர். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் குடும்பத்துக்குக் கிடைப்பது, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி, 2 லட்ச ரூபாய். அதற்கு முன்பு வெறும் 25,000. வண்டி எண் தெரிந்துவிட்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், வருமானத்தையும் வயதையும் கணக்கிட்டு இதைப்போல் பல மடங்கு கேட்கலாம். ஒரு நம்பர் பிளேட்டுக்கு அவ்வளவு விலை இருக்கிறது. அந்த நம்பர் பின்னால் வந்த ஏதோ ஒரு காரின் கேமராவில் பதிந்திருக்கக்கூடும். சில மணி நேரத்தில் அதன் மேலேயே வேறு காட்சி ஏறிவிடும். "கோர்ட்டு கேஸுன்னு அலைய முடியாது சார்" என்று அந்தக் கார்க்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறார். விபத்து நடந்த இடத்துக்கு ஓடுகிற நம் தோழர்கள் சாலை மறியலுக்கு ஆள் சேர்ப்பதற்கு முன்னால், பின்னாடி வந்த பஸ், லாரி, கார், டோல்கேட் எல்லாவற்றிலும் பதிவு இருக்கிறதா என்று அந்த முதல் மணி நேரத்திலேயே கேட்க வேண்டும்.

மறக்கிற கேமராவை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டுச் செத்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், நிலையத்து சிசிடிவியில் போதுமான இடம் இருந்தும் ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். அந்த இரவின் பதிவு கிடைக்கவில்லை. வாய் திறந்தது கேமரா இல்லை, அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அந்த ஆண்டு டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம், காவல் நிலையங்களில் கேமரா வைத்து 18 மாதப் பதிவைக் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அது கட்டடத்துக்குச் சொன்னது. பிடித்த இடத்திலிருந்து நிலையம் வந்து சேரும்வரை ஜீப்புக்குள் என்ன நடக்கிறது? வண்டிக் கேமராவைப் பற்றிப் பேசுகிற அரசு அங்கிருந்து தொடங்கட்டும்.

வண்டிப் பாதுகாப்பு என்ற பேரில் நடப்பதையும் பார்க்க வேண்டும். நிறுத்திவைத்த வண்டியைப் பாதுகாக்க 'பார்க்கிங் மோடு' என்று ஒன்று உண்டு. யாராவது பக்கத்தில் வந்தாலோ, வண்டி அசைந்தாலோ தானாகப் பதியும். வண்டியைக் கீறிவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்க உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது தெருவில் போகிற ஒவ்வொருவரையும் சந்தேகப் பட்டியலில் வைக்கிறது. காலனிப் பையன் நாலு பேர் காருக்குப் பக்கத்தில் நின்று பேசினால் 'நோட்டம் பார்த்தார்கள்' என்று சொல்ல ஒரு படம் கிடைத்துவிடுகிறது. காரை வாங்கினவனுக்கே பாதுகாப்பு இல்லை என்பது இன்னொரு பக்கம். டெஸ்லா கார்களின் கேமராக்களில் பதிந்த வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளை அந்த நிறுவனத்து ஊழியர்களே 2019 முதல் 2022 வரை தங்களுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள் என்று 2023-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 மே 15-ல் ஒரு நிதானமான தீர்ப்புச் சொன்னது. காரணமில்லாமல் எந்நேரமும் பதிந்துகொண்டிருப்பது தனியுரிமைச் சட்டத்துக்கு விரோதம், ஆனாலும் விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, நாம் என்ன செய்வது? சொந்த ஆட்டோ, சொந்த டாக்ஸி வைத்திருக்கிற தோழர்கள் முன்னால் பார்க்கிற ஒரு சாதாரண கேமராவாவது மாட்டுங்கள். நம்மூர் வெயிலுக்கு பேட்டரி வைத்தது உப்பிப்போகும், கெப்பாசிட்டர் வைத்தது தாங்கும். தேதியும் நேரமும் சரியாக வையுங்கள், தவறான நேரம் காட்டுகிற பதிவைக் கோர்ட்டில் கிழித்துவிடுவார்கள். சம்பவம் நடந்தால் உடனே பூட்டுகிற பட்டனை அமுக்கி, கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வெட்டி அனுப்பியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை இழந்துவிடாதீர்கள். மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் கோர்ட்டில் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் வேண்டாம், நகல் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் அந்தச் சான்றிதழுக்கு இரண்டு பகுதி: ஒன்றில் தாக்கல் செய்கிறவர் கையெழுத்து, மற்றதில் நிபுணர் கையெழுத்து. பதிவின் 'ஹாஷ்' எண்ணையும் எழுத வேண்டும். அது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு நொடியை வெட்டினாலும் எண் மாறிவிடும். சட்டம் படிக்கிற மாணவத் தோழர்கள் இதைக் கற்றுக்கொண்டு டிரைவர் ஸ்டாண்டுகளில் வந்து சொல்லிக்கொடுத்தால் அது பத்துக் கருத்தரங்குக்குச் சமம்.

கூலிக்கு ஓட்டுகிறவர்களுக்காகச் சங்கங்கள் கேட்க வேண்டியது மூன்று. முதலாளி மாட்டிய கேமராவாக இருந்தாலும் சம்பவத்தின் முழுப் பதிவில் ஒரு நகல் ஓட்டுநருக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும். பதிவைக் காட்டாமல் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. உள்ளே பார்க்கிற லென்ஸ் வைத்தால், ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினார் என்ற டியூட்டிக் கணக்கும் அதே பதிவோடு சேர்த்தே எடுத்துவைக்கப்பட வேண்டும். இது ஒன்றும் ஆகாத காரியம் இல்லை. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை, ஒப்பந்தத்தில் மூன்று வரி போதும்.

வேலைக்குச் சேரும்போது சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்று கேட்கிறோம். இனிமேல் மூணாவதாக ஒன்றையும் கேளுங்கள். வண்டியில கேமரா இருக்கா? இருந்தா, கார்டு யார்கிட்ட?